பொதி சுமக்கும் சக்கரமும் அகன்ற றிம்மும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள் பணித்தவிடத்து, யாது எழுதுவதெனச் சிலநாள் மயங்கினோம். சமயமும் இலக்கியமும் பற்றி எழுத வல்லார் பலர் எம்மிடையே உளர். நாமோ கனடாவிற் குடியேறிய காலந்தொட்டு, ஓய்வு வேளைகளிற் சைக்கிளிற் பொதியேற்றிக்கொண்டு காடும் மலையும் திரிந்தவர். ஆதலின் அத்துறையில் நாம் பட்டறிந்த ஒன்றை, அஃதாவது சக்கரத்தின் றிம்மைத் தெரிவு செய்யும் முறையை, இங்கு விளக்கப் புகுகின்றோம். பொருள் சிறிதாயினும், அதிற் பிழைத்தோமாயின் விளைவு சிறிதன்று என்பது பின்னர்ப் புலப்படும்.

கூடாரம், போர்வை, உணவு, நீர் ஆகியவற்றைப் பைகளில் இட்டு, சைக்கிளின் கைபிடியிலும் சட்டத்திலும் இருக்கையின் பின்னும் இறுகக் கட்டிக்கொண்டு, தாரிடாத வழிகளிற் பன்னாள் செல்லும் பயணத்தை மேலைநாட்டார் பைக்பாக்கிங் என வழங்குவர். அத்தகைய வழிகளுட் பெயர்பெற்றது வட அமெரிக்காவின் கிரேட் டிவைட் மலைச் சைக்கிள் வழியாகும். றொக்கி மலைத்தொடரின் நீர்பிரி மேட்டையொட்டிச் செல்லும் இவ்வழியை அட்வெஞ்சர் சைக்கிளிங் சங்கத்தார் 1997 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கனடாவின் பான்ஃப் நகர் தொட்டு மெக்சிக்கோ எல்லையிலுள்ள அன்ரிலோப் வெல்ஸ் வரை அளப்பின், அது 4,300 கிலோமீற்றருக்கு மேற்படும். அதிற் பெரும்பகுதி சரளையும் மண்ணுமே.

2016 ஆம் ஆண்டு கோடையில் நாமும், எம்மோடு ஒரே வகுப்பிற் பயின்ற நண்பரொருவரும் அவ்வழியின் வயோமிங் பகுதியிற் சென்றோம். அங்கே வறண்ட பெருவெளியொன்று உண்டு. அதிற் பெய்யும் மழைநீர் எக்கடலையும் சேராது நிலத்திலேயே வற்றிவிடும். மரநிழலும் இல்லை, ஊரும் இல்லை. றிம் எவ்வளவு அகன்றதோ அவ்வளவு நன்று என எவரோ கூறக் கேட்டு, உள்ளகலம் 40 மி.மீ. கொண்ட றிம்மில் 2.2 அங்குல ரயரை நாம் பூட்டியிருந்தோம். நண்பரோ 30 மி.மீ. றிம்மில் 2.4 அங்குல ரயர் பூட்டியிருந்தார். இருவர் சுமையும் ஏறக்குறைய ஒன்றே.

இரண்டாம் நாள் நண்பகலிற் கூரிய கல்லொன்று எமது பின்ரயரின் பக்கச்சுவரைக் கிழித்தது. காற்று இறங்கவே றிம்மின் விளிம்பு கல்லில் மோதி நெளிந்தது. புதிய ரியூப் இட்டும் பயனில்லை. அது கிழிவினூடாகப் பிதுங்கிற்று. நண்பரின் சக்கரமோ அதே கற்களின்மேல் ஊறின்றிச் சென்றது. இருவர்க்குமாக மூன்று லீற்றர் நீரே எஞ்சியிருந்தது. எம்மைத் தனியே விட்டுச்செல்ல நண்பர் உடன்படவில்லை. ஐந்து மணிநேரம் சைக்கிள்களை உருட்டி நடந்தபின், மாட்டுப்பண்ணைக்குச் சென்றுகொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவர் எம்மைக் கண்டு ஏற்றிச்சென்றார். அவர் அன்று அவ்வழி வாராதிருப்பின் எமது நிலை யாதாகியிருக்கும் என்பதை இன்றும் எண்ண அஞ்சுகின்றோம்.

இத்துன்பத்துக்குக் காரணம் யாது? அதனை அறிய வேண்டின் முதலில் அளவு முறையை அறிதல் வேண்டும். றிம்மின் அகலம் என்பது இருவகைப்படும். புறச்சுவர்களுக்கிடையே அளப்பது வெளியகலம். உட்சுவர்களுக்கிடையே அளப்பது உள்ளகலம். வெளியகலம் உள்ளகலத்தினும் ஏறத்தாழ 5 அல்லது 6 மி.மீ. கூடியிருக்கும். ரயரின் இரு விளிம்புகளும் உட்சுவர்களையே பற்றி நிற்றலின், நமக்கு வேண்டியது உள்ளகலமே. ரயரின் பக்கத்தில் 57-622 என்றாற்போலப் பொறித்திருக்கக் காணலாம். இதில் 57 என்பது ரயரின் அகலம், 622 என்பது அது றிம்மில் அமரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மி.மீ. அளவின. 29 அங்குலச் சக்கரத்துக்கு 622 உம், 27.5 அங்குலத்துக்கு 584 உம், பழைய 26 அங்குல மலைச் சைக்கிளுக்கு 559 உம் உரியன.

இனி அகலத்தின் தொழிலைப் பார்ப்போம். ஒடுங்கிய றிம்மிற் பருத்த ரயரைப் பூட்டின், அது மின்குமிழ் போல அடி சிறுத்து நிற்கும். வளைவிலே திரும்புங்கால் அது பக்கவாட்டிற் சரியும். அதனைத் தடுக்கக் காற்றைக் கூட்டினால், கல்தோறும் துள்ளி உடலை வருத்தும். றிம் தக்கவாறு அகலுமாயின் பக்கச்சுவர்கள் நிமிர்ந்து நிற்கும். குறைந்த காற்றிலும் ரயர் தளம்பாது. நிலத்தைப் பரந்து பற்றும். இதுவே அகன்ற றிம்மின் உண்மையான நன்மை.

ஆயின் அளவு மிஞ்சினால் நன்மையே தீமையாம். ரயர் இருபுறமும் இழுபட்டு மேற்பரப்புத் தட்டையாகும். தடித்த மேற்பரப்பின் மறைவில் நிற்க வேண்டிய மெல்லிய பக்கச்சுவர்கள் வெளிப்பட்டுக் கற்களுக்கு இலக்காகும். றிம்மின் விளிம்பும் ரயரின் காப்பிலிருந்து புறம்போதரும். எமக்கு நேர்ந்தது இதுவே. எமது 2.2 அங்குல ரயரின் அகலம் ஏறத்தாழ 56 மி.மீ.; அது 40 மி.மீ. றிம்மின் ஒன்றரை மடங்குகூட இல்லை. நண்பரின் ரயர் 61 மி.மீ.; அது 30 மி.மீ. றிம்மின் இருமடங்கு. சாதாரண மலைச் சைக்கிள் ரயர் றிம்மின் உள்ளகலத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு இருத்தல் நன்று என இதனால் அறியலாம்.

அவ்வாறாயின் மிக அகன்ற றிம்கள் எதற்காகத் தோன்றின என வினவலாம். அவை பனிக்காகவும் மணலுக்காகவும் தோன்றியவை. அலாஸ்காவில் 1987 ஆம் ஆண்டில் இடிராபைக் என்னும் பனிவழிச் சைக்கிளோட்டம் தொடங்கிற்று. பனியிற் சக்கரம் புதையாதிருக்க வேண்டி, அங்குள்ளோர் 44 மி.மீ. அகலமான றிம்களைச் செய்வித்தும், இரு றிம்களை அருகருகே ஒட்டியும் முயன்றனர். 2005 ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலத்துச் சேர்லி நிறுவனத்தார் 65 மி.மீ. றிம்மையும், அதற்கேற்ற பருத்த ரயரையும், அவற்றை ஏற்கும் சட்டத்தையும் விற்பனைக்கு விட்டனர். பனிக்கு அவை இன்றியமையாதன. சரளை வழிக்கோ வீண் பாரம்.

ஆகவே தெரிவின் ஒழுங்கு இதுவாதல் வேண்டும்: முதலில் வழி, அடுத்து அவ்வழிக்கும் சுமைக்கும் ஏற்ற ரயர், அதன்பின்னரே றிம். சரளையும் கெட்டி மண்ணும் ஆயின் 2.1 முதல் 2.3 அங்குல ரயர் அமையும். அதற்கு 25 முதல் 30 மி.மீ. உள்ளகலம் போதும். கல்லும் வேரும் நிறைந்த வழிக்கு 2.4 முதல் 2.6 அங்குல ரயரும் 30 முதல் 35 மி.மீ. றிம்மும் ஏற்றன. இளமணலும் பரலும் மிகுந்தவிடத்து 2.8 அல்லது 3 அங்குல ரயரை 35 முதல் 45 மி.மீ. றிம்மிற் பூட்டுக. பனிக்கும் கடற்கரை மணலுக்கும் 3.8 அங்குலத்துக்கு மேற்பட்ட ரயரும் 65 மி.மீ. அல்லது அதனிற் கூடிய றிம்மும் வேண்டும். வாங்குமுன் சட்டத்தினிடையே ரயர் சுழல இடமுண்டா எனப் பார்த்தல் வேண்டும். இருபுறமும் 6 மி.மீ. ஆயினும் வெளி இல்லையெனிற் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அகன்ற றிம்கள் பெரும்பாலும் டிஸ்க் பிறேக்குக்கென ஆக்கப்பட்டவை என்பதையும் மறத்தலாகாது.

அகலம் வேறு, வலிமை வேறு. இதனை எமக்குக் கற்பித்தது மேலைநாடன்று. எமது தந்தையாரின் பழைய றலிச் சைக்கிளே. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, அரிசி மூடையும் சட்டிபானையும் எமது புத்தகங்களும் அதன்மேலேயே வந்தன. அதன் ரயர் ஒன்றரை அங்குலமே. ஆயின் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருந்தன. ஒரு கம்பியும் அறவில்லை. மாதந்தோறும் கம்பிகளைத் தட்டிப் பார்த்து, தளர்ந்தவற்றை இறுக்குவது தந்தையார் வழக்கம்.

சக்கரம் சுழலுந்தோறும் நிலத்தையடுத்த கம்பிகள் சற்றுத் தளர்ந்து மீண்டும் இறுகும். 29 அங்குலச் சக்கரம் 1,000 கிலோமீற்றர் செல்வதற்குள் இது நான்கு இலட்சம் தடவைக்கு மேல் நிகழும். கம்பி குறைந்தாலும் தளர்ந்தாலும் ஒவ்வொன்றின் பங்கும் மிகும், ஈற்றில் அறும். ஆதலின் பொதி சுமக்கும் பயணத்துக்கு 32 கம்பி றிம்மே தக்கது. உடற்பாரமும் சுமையும் மிகுந்தோர் பின்சக்கரத்துக்கு 36 கொள்ளலாம். றிம் இரட்டைச் சுவருடையதாக இருத்தல் வேண்டும். காபன் றிம் இலேசானதே. ஆயின் வெடித்தால் வழியிற் செய்யத்தக்கது யாதுமில்லை. அலுமினிய றிம் நெளியினும், சிறு நெளிவாயின் நிமிர்த்திக் கோட்டம் நீக்கி ஊர் சேரலாம். தொலைவழிக்கு நாம் அலுமினியத்தையே விதந்துரைப்போம்.

ரியூப் இன்றிப் பூட்டுவோர் றிம்மின் அடியில் ஒட்டும் நாடா உள்ளகலத்தினும் சில மி.மீ. கூடியதாக இருத்தல் வேண்டும். உள்ளே இடும் அடைப்புநீர் பலவற்றில் ரப்பர்ப்பால் கலந்துள்ளது. அது நாட்போக்கில் உலர்ந்துவிடுமாதலின் பயணத்துக்கு முன் புதிதாக இடுக. காற்றைப் பொதி முழுவதும் ஏற்றிய பின்னரே அளந்து அமைத்தல் வேண்டும். பின்சக்கரத்துக்கு முன்னதினும் சிறிது கூட இடுக. றிம்மிற் பொறித்த உச்ச அளவை ஒருபோதும் மீறற்க. றிம் அகல அகல அவ்வளவு குறையும்.

வயோமிங்கிலிருந்து மீண்ட பின், 30 மி.மீ. உள்ளகலமும் 32 கம்பிகளும் கொண்ட அலுமினிய றிம்களை நாமும் பூட்டிக்கொண்டோம். அடுத்த ஆண்டு அதே நண்பருடன் அதே வெளியைக் கடந்தோம். முன்னர் எமது ரயர் கிழிந்த இடத்தை அண்மியதும் நண்பர் யாதும் பேசாது நீர்ப்போத்தலை எம்மிடம் நீட்டினார். மறுநாள் இருவரும் ஊறின்றி மலையடி சேர்ந்தோம்.

எம்போல் இவ்வழியிற் செல்ல விரும்பும் இளைய பழைய மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: பெரிதெனக் கண்டு எதனையும் கொள்ளற்க, வழிக்கும் சுமைக்கும் இசைந்ததெனக் கண்டு கொள்க. தனியே செல்லற்க. இத்தகைய நட்பை எமக்கு அளித்த கல்லூரி அன்னை நீடு வாழ்க.