ஆணாகப் பிறந்து தாயாகும் கொடுவா

மட்டக்களப்பு வாவியில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான கொடுவா ஒன்று தூண்டிலில் ஏறினால், அது அநேகமாகப் பெண் மீன். அதே மீன் ஐந்தாறு வருடங்களுக்கு முன் பிடிபட்டிருந்தால் ஆணாக இருந்திருக்கும். மூன்று நான்கு வயதில் ஆணாகப் பருவமடைந்து, சில வருடங்கள் அப்படியே வாழ்ந்து, ஆறுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட வயதில் பெண்ணாக மாறிவிடுவது இந்த இனத்தின் இயல்பு. ‘கிழட்டுக் கடுவன்’ என்று தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறவரின் கையில் தொங்குவது ஒரு தாய். வாவிக்கரையில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய முதல் சங்கதி இது.

மீன்பாடும் தேன்நாடான மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் பாடும் மீனைத்தான் விசாரிப்பார்கள். கல்லடிப் பாலத்தடியில் நிலவுக் காலத்தில் கேட்கும் ஒலியைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். ஆனால் தூண்டிலும் கையுமாக நிற்கிறவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பேச்சு கொடுவாவில்தான் வந்து நிற்கும். விலையில் பெரியது, ருசியில் பெரியது, இழுவையிலும் பெரியது.

அறிவியலில் இதன் பெயர் லேட்டஸ் கால்காரிபர். ஜெர்மானிய மீனியலாளர் பிளொக் 1790இல் இதை முதன்முதலாக விவரித்தார். பாரசீக வளைகுடாவிலிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா வழியாக வட அவுஸ்திரேலியா வரை பரந்து வாழ்கிறது. கேரளத்தில் காளாஞ்சி, வங்கத்தில் பேட்கி, சிங்களத்தில் மோதா, அவுஸ்திரேலியாவில் பராமண்டி. கொல்கத்தாவில் கல்யாண விருந்தில் பரிமாறும் மீனும், டார்வின் நகரத்துக்கு வெளிநாட்டுத் தூண்டில்காரர்களை இழுத்துவரும் மீனும், காத்தான்குடிச் சந்தையில் துண்டு போட்டு விற்கும் மீனும் நெருங்கிய உறவுகள்.

உடம்பும் வாயும்

கொடுவாவை அடையாளம் காண்பது எளிது. முதுகு உயர்ந்து, நெற்றி உள்வாங்கி, வாய் முன்னே கூராக நீண்டிருக்கும். மேல்தாடை எலும்பு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். வால் வட்டமானது. பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு வாலின் மேலும் தொடரும். கலங்கல் நீரில் பக்கத்தில் ஓர் இறால் துள்ளினாலும் அந்த அதிர்வை இந்தக் கோடு பிடித்துவிடும். இரவில் டோர்ச் அடித்தால் கண் செந்நிறமாக மின்னும். விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒளியைத் திருப்பும் படலம்தான் அதற்குக் காரணம். மங்கல் வெளிச்சத்தில் இரை தேடும் மீனுக்கு அது பெரிய வசதி.

வாயைத் திறந்து பார்த்தால் கோரைப்பல் எதுவும் தெரியாது. பொடிப் பற்கள் அரம் போலப் பரவியிருக்கும். கடித்துக் கிழிக்கிற மீன் அல்ல, உறிஞ்சி விழுங்குகிற மீன். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் வாயும் செவுளும் ஒரே கணத்தில் விரிகின்றன. வாய்க்குள் ஏற்படும் வெற்றிடத்தை நிரப்பத் தண்ணீர் பாய்கிறது. இரையும் அதோடு உள்ளே போய்விடுகிறது. நீர்மட்டத்தில் இது நடக்கும்போது ‘டொப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இரவில் பாலத்தடியில் அந்தச் சத்தம் கேட்டால், பழகியவர்கள் தூண்டிலை அந்தத் திசைக்கு மாற்றிவிடுவார்கள்.

ஆபத்து செவுள்மூடியில் இருக்கிறது. அதன் ஓரத்தில் முள்ளும் அலகுபோன்ற விளிம்பும் உண்டு. பிடிபட்ட மீன் தலையை உதறும்போது தங்கூசியை அறுப்பதும், தெரியாமல் செவுளில் கைவிட்டவரின் விரலை வெட்டுவதும் இதுதான். ஆகவே நூலின் கடைசி முழத்துக்குத் தடித்த தங்கூசி கட்டுவார்கள்.

உப்பிலும் நன்னீரிலும்

வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளம். ஒரு பக்கம் எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை. கடலோடு அதற்கு இரண்டு வாசல்கள்: வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து குவிக்க, வாசல் அடைபட்டுவிடும். வடகீழ்ப் பருவமழையில் உன்னிச்சை, நவகிரிப் பக்கத்து வெள்ளமெல்லாம் வாவிக்குள் இறங்கி, நீர்மட்டம் உயர்ந்து, தாழ்ந்த வயல்களும் வீடுகளும் மூழ்கும் நிலை வரும்போது ஆற்றுவாய் வெட்டுவார்கள். வெட்டிய சில மணி நேரத்தில் ஓட்டம் தானாகவே வாயை அகலப்படுத்திக்கொள்ளும்.

கமக்காரருக்கு அது வெள்ளம் வடியும் வழி. கொடுவாவுக்கு அது பிரசவ அறைக்குப் போகும் பாதை. கொடுவா நன்னீரில் வளரலாம், உவர்நீரில் வளரலாம், கடலிலும் வளரலாம்; ஆனால் முட்டையிட உப்பு வேண்டும். ஏறத்தாழக் கடல்நீர் அளவு உப்புள்ள இடத்தை, பெரும்பாலும் ஆற்றுமுகங்களை அடுத்த பகுதியை, அது தேடிப் போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பொழுது சாய்ந்த பிறகு முட்டையிடுகிறது. முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது மிதந்தபடியே ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். நீர்ப்பெருக்கு குஞ்சுகளை உள்நோக்கித் தள்ளுகிறது. கண்டல் வேர்களுக்கு இடையிலும், மழையில் மூழ்கிய புல்வெளியிலும், வயலோரப் பள்ளங்களிலும் அவை வளர்கின்றன. கண்டலை வெட்டி நிலம் நிரப்புகிற ஒவ்வோர் இடத்திலும் கொடுவாவின் தொட்டில் ஒன்று குறைகிறது.

உப்புநீரிலிருந்து நன்னீருக்கு மாறுவது சாதாரண வேலை அல்ல. கடலில் உடம்பிலுள்ள தண்ணீர் வெளியே இழுபடும். ஆகவே மீன் கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. நன்னீரில் எல்லாம் தலைகீழ். தண்ணீர் தானாக உடம்புக்குள் ஏறும். சிறுநீரகம் அதை நீர்த்த சிறுநீராக வெளியே தள்ள, செவுள் இப்போது உப்பை உள்ளே இழுக்கிறது. ஒரே செவுள், இரண்டு நேர்மாறான வேலை. இந்தத் திறமை இருப்பதால்தான் மாரிக்கும் கோடைக்கும் உப்பு ஏறி இறங்கும் வாவியில் கொடுவா நிம்மதியாக வாழ்கிறது.

ஒரு கொடுவா எங்கெல்லாம் வாழ்ந்தது என்பதை அதன் காதுக்கல் சொல்லிவிடும். தலைக்குள் இருக்கும் அந்தச் சிறு சுண்ணாம்புக் கல்லில் மரத்தைப் போலவே வருட வளையங்கள் உண்டு. கடல்நீரில் இருந்த காலத்து வளையத்தில் ஸ்ட்ரோன்சியம் என்ற தனிமம் கூடுதலாகவும், நன்னீர்க் காலத்து வளையத்தில் குறைவாகவும் படியும். இப்படி ஆராய்ந்தபோது, எல்லாக் கொடுவாவும் ஒரே பாதையில் போவதில்லை என்று தெரிந்தது. சில வருடக்கணக்காக ஆற்றில் தங்குகின்றன. சில நன்னீர்ப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

ஏன் பெண்ணாக மாறவேண்டும்?

பாப்புவா நியூகினியில் கொடுவாவை ஆராய்ந்த மூர் என்பவர், ஆண் பெண்ணாக மாறுவதை 1979இல் விரிவாகப் பதிவுசெய்தார். இயற்கை ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. விந்து மிகச் சிறியது. சின்ன உடம்பிலேயே வேண்டிய அளவு உண்டாக்கலாம். முட்டைக்கு வயிற்றில் இடமும் உடம்பில் கொழுப்பும் வேண்டும். மீனின் நீளம் இரண்டு மடங்கானால் உடம்பின் கன அளவு எட்டு மடங்காகிறது. முட்டையும் ஏறத்தாழ அதே போக்கில் பெருகும். சிறுவயதில் தகப்பனாகவும், பெருத்த பிறகு தாயாகவும் இருந்தால் ஒரு வாழ்நாளில் கூடுதலான குஞ்சுகளை விட்டுப்போகலாம். பெரிய தாய் ஒன்று ஒரு பருவத்தில் ஒரு கோடிக்கும் மேல் முட்டையிடும்.

பண்ணைக் கொடுவா வேறு கதை. தாய்லாந்தின் சொங்க்லாவில் 1970களின் தொடக்கத்தில் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் அதைச் சாதித்தது. குஞ்சுகள் ஒன்றையொன்று விழுங்கும் என்பதால், பண்ணையில் அளவுவாரியாக அடிக்கடி பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹோட்டல் தட்டில் முழுசாக வைக்கும் பண்ணைக் கொடுவா பருவமே எட்டாதது. இனத்தைத் தாங்கும் பெரிய தாய்கள் வாவியிலும் கடலிலும்தான் இருக்க வேண்டும்.

தூண்டில்காரருக்கு

டார்வின் துறைமுகத்தில் நீர் 8 மீட்டர் வரை ஏறி இறங்கும். அங்கே கொடுவா பிடிக்கிறவர் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்த்துப் புறப்படுவார். நம் கிழக்குக் கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. இங்கே மழையையும் ஆற்றுவாயையும் பார்க்க வேண்டும். வாய் திறந்திருக்கிறதா, ஓட்டம் எந்தப் பக்கம், நீர் தெளிந்திருக்கிறதா கலங்கலா என்பவைதான் கேள்விகள்.

கொடுவா துரத்திப் பிடிப்பதைவிட மறைந்திருந்து பிடிப்பதையே விரும்பும். பாலத்தூண், கண்டல் வேர், விழுந்த மரம், வாய்க்கால் வாவியில் சேரும் மூலை ஆகியவை அதன் நிற்குமிடங்கள். கல்லடியில் 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும், அதை அடுத்து 2013இல் திறந்த புதிய பாலமும் இரவில் வெளிச்சத்தையும் நிழலையும் நீரில் விழுத்துகின்றன. வெளிச்சத்துக்கு இறாலும் பொடிமீனும் கூடும். நிழலின் விளிம்பில் கொடுவா காத்திருக்கும். உயிர் இறாலோ மணலைக் குஞ்சோ நல்ல இரை. பிளாஸ்டிக் மீனை எறிகிறவர்கள் ஒரே வேகத்தில் சுருட்டக் கூடாது. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். அடிபட்ட மீன் நின்று தடுமாறுவதாக எண்ணித்தான் கொடுவா பாயும். பெரும்பாலான கொத்து அந்த நிறுத்தத்தில்தான் விழும்.

கொத்தியதும் முதல் ஓட்டம் வேரை நோக்கித்தான். அதைத் தடுத்துவிட்டால், நீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறும். அந்தக் கணத்தில் நூல் தளர்ந்தால் கொக்கி கழன்றுவிடும். கரைக்கு வந்த மீனை விடுவதென்றால் அதற்கும் முறை உண்டு. கொக்கியின் எதிர்முள்ளை முன்கூட்டியே குறட்டால் நசுக்கிவைத்தால் கழற்றுவது சுலபம். கையை நனைத்துக்கொண்டே தொட வேண்டும். காய்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும், நோய்க்கு வழி அதுதான். பெரிய மீனை வாயில் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கினால் அதன் முழுப் பாரமும் தாடையிலும் முள்ளந்தண்டிலும் விழும். ஒரு கை தாடையில், மறு கை வயிற்றடியில், மீன் கிடையாக இருக்கட்டும். வெக்கையான நீரில் ஒட்சிசன் குறைவு; ஆகவே படம் எடுப்பதைச் சுருக்கிக்கொண்டு, மீனை நீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, அது தானாக உதறிப் போகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

எதை விடுவது?

சின்ன மீனை விட்டுவிடு, பெரியதை எடு என்பது எல்லா ஊரிலும் கேட்கிற அறிவுரை. கொடுவாவுக்கு அது பாதிதான் சரி. பெரியதை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால் தாய்களை மட்டுமே எடுக்கிறோம். சின்னதை மட்டுமே எடுத்தால் தாயாக மாற ஆளே மிஞ்சாது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதற்கு இரட்டை எல்லை போட்டிருக்கிறது: ஆற்றிலும் கடலிலும் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும், 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் எடுக்கக்கூடாது. முட்டையிடும் காலத்தில் சில மாதங்கள் கொடுவா பிடிக்கவே தடை.

சின்னதையும் பெரியதையும் விட்டுவிடுங்கள் என்ற வேண்டுகோளை வலையோடு பிழைப்பவரிடம் கொண்டுபோவது நியாயமில்லை. தோணியில் விடியச் சாமம் போய்வருகிறவருக்கு ஒரு பெரிய கொடுவா அந்த வாரத்துச் சாமான் செலவு. அவரோடு பேச வேண்டியது தங்கூசி வலைத் தடையையும் கண்டல் பாதுகாப்பையும் பற்றி. அது மீனவர் சங்கங்களோடு இருந்து பேச வேண்டிய பேச்சு. ஆனால் வாவிக்கரை விடுதியில் இரண்டு நாள் தங்கித் தூண்டில் போட வருகிறவருக்கு வேண்டியது இழுவையும் ஒரு படமும். மீனை விட்டால் அவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. ஆகவே படகு வைத்திருக்கும் விடுதிக்காரர்கள் படகின் உட்பலகையில் 60 சென்டிமீட்டருக்கும் 80 சென்டிமீட்டருக்கும் இரண்டு கோடு இழுத்துவைக்கலாம். இரண்டுக்கும் இடையில் வருகிற கொடுவா இரவுச் சாப்பாட்டுக்கு. அதற்குக் குறைந்தது இன்னும் தகப்பனாகாதது, மேற்பட்டது தாயாகிக்கொண்டிருப்பது, இரண்டும் வாவிக்கே.