முகவரி இல்லாத குறிப்பு

1885இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையர் மலாயாவின் பகாங் மாநில எல்லைக் காடுகளில் ஏறி அலைந்தார். உயர்ந்த மலைகளுக்கு நடுவே, சரிவு அதிகமில்லாத மேட்டுநிலம் ஒன்றைப் பார்த்ததாக எழுதியும் வைத்தார். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. மறு ஆண்டே சிங்கப்பூரில் இறந்துபோனார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மேலே வந்து பார்த்து, இங்கே மலைவாசத் தலம் அமைக்கலாம் என்று சொல்லும்வரை நாற்பது வருடம் அந்தக் குறிப்பு சும்மா கிடந்தது. பாதை இல்லை, பணம் இல்லை என்று வேறு காரணங்களும் இருந்திருக்கும். இருந்தாலும், இன்று கேமரன் மலை என்று அழைக்கப்படும் இத்தனை பெரிய மலை ஒரு காகிதத்துக்குள் தொலைந்துபோக முடியும் என்பது ஆச்சரியம்தான்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, செடி நட்டு, கொழுந்து பறிக்கத் தமிழர்கள் மலையேறினார்கள். பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கியா பார்முக்கு இன்று போகிறவர்கள் ஸ்ட்ராபெரியும் சோளமும் முட்டைக்கோசும் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவில் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தோட்டத்தில் எழுத்துவேலை எப்படி நடந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. எனக்கு அதில்தான் ஆர்வம்.

பழைய தோட்டங்களில் விடியற்காலை பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். தோட்டக் கணக்கரான கிராணியார் செக்ரோல் என்ற பதிவேட்டில் வருகையைப் பதிவார். அதில் ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அது யாருடையது, என்றைக்கு உரியது என்று தெரியும். எண்ணுக்கு முகவரி இருந்ததால்தான் மாதக் கடைசியில் கூலி கணக்கிட முடிந்தது. கணக்கில் கிராணியார் கை வைத்தாரா என்பது வேறு கதை.

நாம் சொந்தமாக எழுதும் குறிப்புகளில் இந்த முகவரிதான் இருப்பதில்லை. கைப்பேசியில் நூறு குறிப்பு, மேசை இழுப்பறையில் பத்து டைரி. எழுதியது நினைவிருக்கிறது, எங்கே எழுதினோம், எதற்காக எழுதினோம் என்பது நினைவில்லை.

வழி மிக எளிது. ஒரு துண்டில் ஒரு விஷயம் மட்டும். மேலே தேதியும் ஒரு வரித் தலைப்பும். கீழே ஒரு வரியைக் காலியாக விட்டு, இது பழைய எந்தக் குறிப்போடு சேரும் என்பதை அங்கே எழுதுவது. கடைசிச் சங்கதிக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் பெரும்பாலோர் அதைத்தான் விட்டுவிடுகிறோம்.

கியா பார்மில் ஒருவர் கோசு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இலையெல்லாம் ஓட்டை, வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. கேமரன் மலைக்காரர்களுக்கு இது பழைய எதிரி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் இந்தப் பூச்சி அதற்குப் பழகிவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் சாகாது. ஆகவே அவர் மருந்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. "கீழ்த்தட்டு, கோசு, புழு, இன்ன மருந்து அடித்தேன்" என்று எழுதிவிட்டு, "போன நடவில் இதே தட்டில் என்ன அடித்தேன் என்பதற்கு மார்ச் குறிப்பைப் பார்" என்று அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதைத் தேடி மார்ச் குறிப்புக்குப் போனால், அப்போதும் இதே மருந்துதான், பாதிப் புழு சாகவில்லை என்று எழுதியிருக்கும். இரண்டு துண்டும் தனித்தனியே இருந்தபோது வெறும் தகவல். சேர்த்துப் படித்தால், கடைக்காரர் அதே மருந்தை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்லலாம்.

இப்படிக் குறிப்போடு குறிப்பைச் சேர்ப்பதை நம்மவர்களில் பெரிய அளவில் செய்து காட்டியவர் உ. வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மேற்கோள்கள் நிறைய. ஆனால் அவை எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று உரையாசிரியர் பல இடங்களில் சொல்வதில்லை. ஐயர் சொற்களையும் அவை வரும் இடங்களையும் ஒத்த பகுதிகளையும் குறித்துக்கொண்டே போனார். சங்க நூல் ஏடுகள் கைக்கு வந்தபோது, பெயர் தெரியாமல் நின்ற மேற்கோள்கள் தத்தம் வீட்டை அடைந்தன. சிந்தாமணி 1887இல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இல், புறநானூறு 1894இல். ஒரு நூலுக்காக எடுத்த குறிப்பு அடுத்த நூலுக்கும் வேலை செய்தது. அவருடைய பதிப்புகளின் அரும்பத அகராதியைப் புரட்டும்போது எனக்கு முதலில் தெரிவது அவருடைய புலமை அல்ல, ஒழுங்கு.

ஜெர்மானிய சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 துண்டுக் காகிதங்களை மரப்பெட்டிகளில் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண்ணைக் கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். இப்போது அந்த முறையைப் போற்றி ஏராளமான செயலிகள் வந்துவிட்டன. அவற்றை நிறுவி, நிறம் பிரித்து, வடிவம் மாற்றி ஒரு மாதத்தைக் கழித்துவிட்டு ஒரு குறிப்பும் எழுதாதவர்கள் உண்டு. லூமனின் எண்முறையும் எல்லோருக்கும் தேவையில்லை. அவர் புத்தகங்கள் எழுதினார். நமக்கு வேண்டியது பெரும்பாலும் மகளின் தடுப்பூசி விவரமும், வாங்கிய நிலத்தின் எல்லையும், படித்ததில் பிடித்த ஒரு கருத்தும்தான். தேதியே எண்ணாக இருந்தால் போதும்.

காகிதமா, கைப்பேசியா என்று கேட்பவர்களுக்கு: மண் ஒட்டிய கையோடு திரையைத் தொடுகிறவர் காகிதத்தில் எழுதட்டும், மலை ஈரத்தில் மை கரையும் என்பதால் பென்சிலால். வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கங்களைப் படம் பிடித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கைப்பேசியிலேயே எழுதலாம், தேடுவதற்கு வசதி. ஆனால் தேடல் கட்டத்தை முழுக்க நம்ப வேண்டாம். "முட்டைக்கோசு" என்று தேடினால் மலாய்ச் சொல்லில் "கோபிஸ்" என்று எழுதியது வராது. அதற்கும் அடியில் எழுதும் அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.