அரிசி ஏற்றுமதியும் நமது அங்கத்தினர்களும்

சோளிங்கர் வட்டாரத்துக் கூட்டுறவாளருள் ஒரு சாரார் நெல்லை விற்பவர்; மற்றொரு சாரார் தறியில் ஈட்டிய கூலியைக் கொண்டு அரிசியை வாங்குபவர். நெல் விலை ஏறினால் முன்னவர் முகம் மலரும். பின்னவர் வீட்டு அடுப்பங்கரையில் கவலை புகும். ஆகவே, அரிசி ஏற்றுமதி பற்றிய செய்திகளை நாம் அயலார் செய்தியென்று ஒதுக்கிவிட இயலாது.

அரிசிக்குப் பிற நாடுகளை எதிர்பார்த்திருந்த காலத்தை நம் முன்னோர் நன்கு அறிவர். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் ரங்கூன் அரிசியின் வரவு நின்று, தென்னாடு பெரிதும் இடர்ப்பட்டது. 1950-51-இல் இந்தியாவின் அரிசி விளைச்சல் ஏறத்தாழ 2 கோடியே 6 இலட்சம் டன்னே. குட்டை ரகங்களும் இரசாயன உரமும் பம்பு செட்டும் பரவிய பின்னர் நிலைமை மாறியது. 2024-25-இல் விளைச்சல் ஏறத்தாழ 15 கோடி டன்னை எட்டியது.

உண்டது போக மிஞ்சியது கப்பலேறத் தொடங்கியது. பாஸ்மதி அல்லாத அரிசிக்கு 2007-இல் விதிக்கப்பட்ட தடை 2011 செப்டம்பரில் நீங்கியதும், மறு ஆண்டே தாய்லாந்தைப் பின்னுக்குத் தள்ளி உலகில் முதலிடம் பெற்றோம். 2022-23-இல் ஏற்றுமதி 2 கோடியே 23 இலட்சம் டன். உலக அரிசி வாணிபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நம்முடையது.

ஆயின், இக்கதவு எப்பொழுது திறக்கும், எப்பொழுது மூடும் என்பது உழவனுக்குத் தெரிவதில்லை. 2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. பச்சரிசிக்கு 20 சதவீத வரி வந்தது. 2023 ஜூலை 20-ஆம் நாள் பாஸ்மதி அல்லாத வெள்ளரிசிக்கு முழுத் தடை. அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கு 20 சதவீத வரி. நமது பக்கத்துச் சொர்ணவாரிப் பயிர் கதிர் முற்றி நின்ற வேளை அது. நாற்றுவிட்டபோது திறந்திருந்த கதவு அறுவடையின்போது மூடியிருந்தது. உலகச் சந்தையிலோ, பதினைந்து ஆண்டுகளில் காணாத விலை. அந்த ஆதாயம் தாய்லாந்து, வியட்நாம் உழவரைச் சென்றடைந்தது.

அரிசியை வாங்கும் நெசவாளராவது பயன் பெற்றாரா எனின், அதுவும் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மழை பொய்த்தது. தடைக்குப் பின்னும் பல மாதங்கள் சில்லறை விலை இறங்கவில்லை. ரேஷன் கடையில் 2011 முதல் விலையின்றிக் கிடைக்கும் அரிசி இல்லையேல் பல குடும்பங்கள் மேலும் தவித்திருக்கும். பஞ்சத்தை அஞ்சும் அரசாங்கம் கதவை மூடுவதை நாம் குறை கூறோம். முன்னறிவிப்பின்றி மூடுவதே இரு சாராருக்கும் தீங்கென்பது நமது கருத்து. 2024 செப்டம்பரில் வெள்ளரிசித் தடை நீங்கியது. அக்டோபரில் புழுங்கலரிசி வரியும், 2025 மார்ச்சில் நொய்த் தடையும் அகன்றன. 2024-25-இல் ஏற்றுமதி மீண்டும் 2 கோடி டன்னை எட்டியது.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு கிலோ அரிசி விளையச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் வேண்டும் என்பர். கிணற்றை நம்பிய நமது பகுதி, தோல் பதனிடும் தொழிலின் கழிவால் பாலாற்று நீரும் கெட்டுத் துன்புற்ற பகுதி. அரிசியோடு நீரையும் அனுப்புகிறோம்.

தடைக்காலத்திலும் ஒரு வாயில் திறந்திருந்தது. 2023-இல் நிறுவப்பட்ட தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தின் மூலம் சிங்கப்பூருக்கு 50,000 டன்னும் மொரீஷியசுக்கு 14,000 டன்னும் அனுப்ப அரசாங்கம் அனுமதித்தது. தொடக்கச் சங்கங்களும் இதில் அங்கத்தினராகலாம். ஆனால் கப்பலுக்கு வேண்டியது ஒரே ரகமாகவும் ஒரே பதமாகவும் உள்ள சரக்கு. ஒருவர் களத்து நெல்லில் ஈரம் 14 சதவீதமும், மற்றொருவர் களத்தில் 20 சதவீதமும் இருந்தால் சரக்குச் சேராது. நேரடிக் கொள்முதல் நிலையத்திலும் விதிப்படி 17 சதவீதத்துக்கு மேற்பட்ட நெல் திரும்பிவிடும். எனவே பொது உலர்களமும் ஈரமானியும் முதலில் வேண்டும்.

அதற்கு முன்னரே செய்யத்தக்கது ஒன்றுண்டு. 2025-26-இல் மத்திய அரசாங்கம் சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் 67, 68 கிலோ அரிசி தேறும். அவ்வாறாயின் ஒரு கிலோ அரிசியில் அடங்கிய நெல்லின் விலை ஏறத்தாழ 35 ரூபாய். அரைவைக் கூலி, கோணிப்பை, வண்டிச் சத்தம் ஆகியவற்றைக் கூட்டி, தவிடு விற்ற பணத்தைக் கழித்து, வரும் தொகையைக் கடை விலையோடு நெசவாள அங்கத்தினர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இட்லிக்கேற்ற ஆடுதுறை 37 குண்டு நெல்லிலிருந்து இக்கணக்கைத் தொடங்கலாம். அது நமது வயல்களிலேயே விளைகிறது.