இலங்கை ஒப்பந்தமும் மிளகு விலையும்: விவசாயிகள் அறிய வேண்டியவை

தமிழ்நாட்டில் கொல்லிமலை, ஏற்காடு, கீழ்ப்பழனி மலை, நீலகிரி, கன்னியாகுமரி ஆகிய பகுதிகளில் மிளகு பயிரிடப்படுகிறது. காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியை ஏற்றிவிட்டு, கூடுதல் வருமானம் பெறும் சிறு விவசாயிகளே இவர்களில் பெரும்பாலோர். மலைப் பகுதிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை நடைபெறும். மிளகு களத்தில் காயும் இந்தச் சமயத்தில்தான் வியாபாரிகள் தோட்டத்துக்கு வருவார்கள். "இலங்கைச் சரக்கு வந்து இறங்கிவிட்டது, இனி விலை இறங்கும், இன்றே போட்டுவிடுங்கள்" என்ற பேச்சும் அப்போதே கிளம்பும்.

இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு? இலங்கையிலிருந்து மிளகு வருவது உண்மை. அதற்கு வரிச் சலுகை உண்டு என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு மிளகு, எந்த வரியில், எந்த நிபந்தனையின் பேரில் வருகிறது என்பதை அறியாத விவசாயி, வெறும் பேச்சுக்குப் பயந்து கிலோவுக்குப் பல ரூபாய் இழக்க நேரிடுகிறது. ஆகவே வாணிப ஒப்பந்தம் என்பது என்ன, அது மிளகு விலையை எவ்வாறு தொடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒப்பந்தம் எதற்கு?

வெளிநாட்டுப் பொருளுக்கு ஒவ்வொரு நாடும் சுங்க வரி விதிக்கிறது. இரண்டு நாடுகளோ, ஒரு வட்டாரத்தைச் சேர்ந்த சில நாடுகளோ கூடி, "உன் பொருளுக்கு நான் வரியைக் குறைக்கிறேன், என் பொருளுக்கு நீ குறை" என்று செய்துகொள்ளும் ஏற்பாடே வாணிப ஒப்பந்தம். வளரும் நாடுகள் தங்களுக்குள் இப்படிச் சலுகை கொடுத்துக்கொள்ளலாம் என்பதை உலக வாணிப விதிகள் 1979ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டன. அதற்கு முன்பே 1975இல் இந்தியா, இலங்கை, வங்கதேசம், லாவோஸ், தென் கொரியா ஆகிய நாடுகள் பாங்காக் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன.

இந்தியாவும் இலங்கையும் தனியே செய்துகொண்ட தடையற்ற வாணிப ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28ஆம் தேதி கையெழுத்தாயிற்று. 2000 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா பெரிய நாடு என்பதால் மூன்று ஆண்டுகளில் வரியை நீக்க வேண்டும் என்றும், இலங்கைக்கு எட்டு ஆண்டுகள் அவகாசம் என்றும் முடிவாயிற்று. இரு நாடுகளும் தத்தம் விவசாயத்தையும் தொழிலையும் காக்கச் சில பொருள்களைச் சலுகைப் பட்டியலில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தன. இந்தியா ஒதுக்கியவை 429 இனங்கள். இலங்கை ஒதுக்கியவை 1,180 இனங்கள். தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்று இந்தியா அளவு வைத்தது. மிளகுக்கோ முதலில் அளவு இல்லை. இறக்குமதி பெருகி, மிளகு விவசாயிகள் குரல் எழுப்பிய பின்னரே, ஆண்டுக்கு 2,500 டன் வரை மட்டும் வரியின்றி வரலாம் என்ற கோட்டா வைக்கப்பட்டது.

இந்தியாவின் மிளகு விளைச்சல் பெரும்பாலான ஆண்டுகளில் சுமார் 50,000 முதல் 70,000 டன் வரை இருந்து வந்துள்ளது. அதனோடு ஒப்பிட்டால் 2,500 டன் என்பது நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்குதான். இந்த அளவு மட்டும் வந்தால் சந்தை பெரிதாக நிலைகுலைய வேண்டியதில்லை.

ஒரே மிளகு, நான்கு வரி

அப்படியானால் சங்கடம் எங்கே தொடங்குகிறது? மிளகுக்கு இந்தியாவில் ஒரே வரி இல்லை. எந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது என்பதைப் பொறுத்து வரி மாறுகிறது.

எந்தச் சலுகையும் இல்லாத நாட்டு மிளகுக்கு 70 சதவீத வரி விதிக்கப்பட்டு வந்தது. வியட்நாம், இந்தோனேசியா முதலிய தென்கிழக்காசிய நாடுகளுடன் 2009இல் கையெழுத்தாகி 2010இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தின்படி, இவ்வரி படிப்படியாக 50 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டது. சார்க் நாடுகளிடையே 2006இல் நடைமுறைக்கு வந்த சாப்டா ஒப்பந்தத்தின் கீழ் இலங்கை மிளகுக்கு 8 சதவீதம். இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 2,500 டன்னுக்கு வரியே இல்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம். துறைமுகத்தில் வந்து இறங்கும்போது ஒரு கிலோ மிளகின் மதிப்பு ரூ.300 என்று வைத்துக்கொள்வோம். பிற செலவுகளைச் சேர்க்காமல் கணக்கிட்டால், 70 சதவீத வரியில் அது ரூ.510 ஆகும். 50 சதவீத வரியில் ரூ.450. 8 சதவீத வரியில் ரூ.324. வரியில்லாவிட்டால் ரூ.300.

உலகிலேயே மிக அதிகமாக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். அந்த மிளகு நேர்வழியில் வந்தால் ரூ.450. அதே மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் வந்தால் ரூ.324. கிலோவுக்கு ரூ.126 வித்தியாசம்; ஒரு டன்னுக்கு ரூ.1,26,000. பெயரை மாற்றினால் இவ்வளவு லாபம் என்னும்போது, மாற்ற ஆசைப்படுவோரும் இருப்பார்கள். வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வருகிறது என்று மிளகு விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கூறிவரும் புகாரின் அடிப்படை இதுதான்.

விளைந்த நாடு எது?

இதைத் தடுக்கவே ஒவ்வொரு வாணிப ஒப்பந்தத்திலும் விளைந்த நாட்டு விதி என்று ஒன்று உள்ளது. சலுகை இலங்கைத் துறைமுகத்துக்கு அன்று, இலங்கை மண்ணில் விளைந்த பொருளுக்கே. சரக்குடன் இலங்கை அரசின் வணிகத் திணைக்களம் வழங்கிய பிறப்பிடச் சான்று இருத்தல் வேண்டும்.

வேறு நாட்டு மூலப்பொருளைக் கொண்டு இலங்கையில் செய்த பொருளுக்கும் சலுகை உண்டு. ஆனால் இரண்டு நிபந்தனைகள். பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் இலங்கையில் சேர்ந்திருக்க வேண்டும். சுங்கப் பட்டியலில் அதன் நான்கு இலக்கத் தலைப்பும் மாறியிருக்க வேண்டும். மிளகின் தலைப்பு எண் 0904. முழு மிளகுக்கும் இதே எண். இடித்த மிளகுக்கும் மிளகுத் தூளுக்கும் இதே எண். ஆகவே வியட்நாம் மிளகை இலங்கையில் இறக்கிச் சலித்தாலும், மறு சாக்கில் கட்டினாலும், அரைத்தாலும்கூட அது இலங்கை மிளகு ஆகாது. அதற்குச் சலுகை கேட்பது ஒப்பந்தத்துக்கே முரணானது.

விதி இருந்தும் ஓட்டை இருக்கக்கூடும் என்பதை வனஸ்பதி காட்டியது. இந்தியாவில் பாமாயிலுக்கு வரி அதிகம், இலங்கையில் குறைவு. எனவே மலேசியா, இந்தோனேசியா நாடுகளின் பாமாயிலை இலங்கைக்குக் கொண்டுவந்து, அங்கே வனஸ்பதியாக்கி, வரியின்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பாமாயில் வனஸ்பதியானதும் தலைப்பு எண் மாறிவிடுகிறது. அதனால் ஏட்டளவில் விதி மீறப்படவில்லை. இந்தியா இதற்கும் அளவு வரம்பு வைத்த பின்னர் அத்தொழில் இலங்கையில் சுருங்கிப் போயிற்று. வரி வித்தியாசத்தை மட்டும் நம்பி எழுந்த தொழில் அது. இரு நாட்டு விவசாயிகளுக்கும் அதனால் பயன் இல்லை.

இலங்கை விவசாயிக்கும் நட்டம்

இதில் இலங்கை விவசாயியை எதிரியாக நினைப்பது தவறு. மாத்தளை, கண்டி முதலிய மாவட்டங்களில் மிளகு பயிரிடுவோரும் சிறு விவசாயிகளே. அவர்களுடைய மிளகில் காரமும் எண்ணெய்ச் சத்தும் மிகுதி என்பதால், மிளகுச் சாறு எடுக்கும் தொழிற்சாலைகள் அதை விரும்பி வாங்குகின்றன. வேறு நாட்டு மிளகு இலங்கைப் பெயரில் வந்தால், அவர்களுக்கு உரிய சலுகையை வேறொருவர் தட்டிக்கொண்டு போகிறார். அவர்கள் மிளகின் நற்பெயரும் கெடுகிறது. 2019 டிசம்பரில் இலங்கை அரசே மிளகு உள்ளிட்ட வாசனைப் பொருள்களை மறு ஏற்றுமதிக்காக இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. தன் விவசாயிகளின் முறையீட்டைக் கேட்டே அது அவ்வாறு செய்தது.

அரசு போட்ட வேலி

இந்திய அரசு 2017 டிசம்பரில் மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு ரூ.500 நிர்ணயித்தது. 2018இல் விதி மேலும் கடுமையாக்கப்பட்டு, அதற்குக் குறைந்த மதிப்புள்ள மிளகின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. ஏற்றுமதிக்கான பொருள் தயாரிக்கக் கொண்டுவரப்படும் மிளகுக்கு இதில் விலக்கு உண்டு. 2020 செப்டம்பர் 21 முதல் மற்றொரு விதியும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வரிச் சலுகை கேட்கும் இறக்குமதியாளர் வெறும் சான்றிதழை நீட்டினால் போதாது. பொருள் அந்த நாட்டில்தான் விளைந்தது என்பதற்கான விவரங்களைத் தாமே திரட்டி ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும். சுங்க அதிகாரிகள் கேட்கும்போது காட்டவும் வேண்டும்.

இங்கே விவசாயிகள் ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். ரூ.500 என்பது விவசாயிக்கு உறுதியளிக்கப்பட்ட விலை அன்று. அது துறைமுகத்தில் போட்ட வேலி மட்டுமே. வேலி போட்ட பிறகும் 2019, 2020 ஆண்டுகளில் கொச்சிச் சந்தையில் மிளகு விலை ரூ.400க்குக் கீழேயே இருந்தது. ரூ.500 வந்தே தீரும் என்று கடன் வாங்கிச் சரக்கை இருப்பு வைத்தவர்களுக்கு வட்டிதான் மிஞ்சியது. மாறாக, 2024இல் உள்நாட்டு விலை ரூ.500க்கு வெகு மேலே சென்றது. வெளிநாட்டு விலையும் அந்த அளவுக்கு ஏறிவிட்டால் இந்த வேலி தானாகவே பயனற்றுப் போகும். அப்போது தடுத்து நிற்பது சுங்க வரியும் விளைந்த நாட்டு விதியுமே ஆகும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

துறைமுகத்தில் நடப்பதைத் தனி விவசாயி தடுக்க இயலாது. ஆனால் தம் களத்திலும் கிடங்கிலும் செய்யக்கூடியவை பல உள்ளன.

1. மிளகைக் கொடியில் இருக்கும்போதே விலை பேசி விற்பதைத் தவிர்க்க வேண்டும். பேரம் பேசும் வலிமை காய்ந்த மிளகைக் கையில் வைத்திருப்பவருக்கே உண்டு.

2. ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவக்கத் தொடங்கியதும் அறுவடை செய்ய வேண்டும். பிஞ்சாகப் பறித்தால் மிளகு சுருங்கி எடை குறையும். உலகச் சந்தையில் வியட்நாம் மிளகு ஒரு லிட்டருக்கு 500 கிராம், 550 கிராம் என்று தரம் பிரித்தே விற்கப்படுகிறது. நம் மிளகும் ஒரு லிட்டர் படிக்கு 550 கிராம் எடை நின்றால் விலையில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

3. உதிர்த்த மணிகளைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, வடியவிட்டுக் காயவைத்தால் விரைவில் காயும். ஒரே சீரான கறுப்பு நிறமும் கிடைக்கும். மண் தரையில் பரப்பாமல் சிமெண்டுக் களத்திலோ சுத்தமான பாயிலோ உலர்த்த வேண்டும்.

4. ஈரப்பதம் 10 அல்லது 11 சதவீதத்துக்கு வரும்வரை காயவைக்க வேண்டும். 15 சதவீத ஈரமுள்ள 100 கிலோ மிளகில், 11 சதவீதத்தோடு ஒப்பிட்டால், சுமார் நாலரை கிலோ தண்ணீர் கூடுதலாக உள்ளது. வியாபாரி இதைக் கண்ணால் மதிப்பிட்டு அதைவிட அதிகமாகவே கழிப்பார். ஈரமான மிளகு பூஞ்சணம் பிடிக்கும், இருப்பு வைக்கவும் உதவாது.

5. நன்கு காய்ந்த மிளகு ஓராண்டுக்கு மேலும் கெடாது. அறுவடைக் கூலிக்கும் கடன் தவணைக்கும் தேவையான அளவை முதலில் விற்றுவிட்டு, மீதியை உள்ளே பாலிதீன் உறையிட்ட சாக்கில் கட்டி, மரச் சட்டங்களின் மேல் அடுக்கி வைக்கலாம். பிறகு இரண்டு மூன்று தவணையாக விற்கலாம். முழுவதையும் ஒரே நாளில் விற்பதும், முழுவதையும் பிடித்து வைப்பதும் இரண்டுமே ஆபத்தானவை. அவசரப் பணத்துக்கு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதி பற்றி விசாரித்து அறியலாம்.

6. கொச்சி விலை நாளிதழ்களில் வெளியாகிறது. தரம் பிரிக்காத மிளகுக்கு ஒரு விலை, சலித்துத் தரம் பிரித்த மிளகுக்கு ஒரு விலை என இரண்டு இருக்கும். தம் சரக்கு எந்த வகை என்று பார்த்து ஒப்பிட வேண்டும். ஏற்றுக்கூலியும் வியாபாரியின் நியாயமான லாபமும் போக மீதி வித்தியாசம் ஏன் என்று கேட்கலாம்.

7. நாற்பது, ஐம்பது பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் குழுவின் மூலம் ஒரே தரமாக்கி விற்றால், மலையடிவாரத்திலுள்ள வியாபாரியைத் தாண்டி நேராகப் பெரிய சந்தைக்கே போகலாம். வேற்று நாட்டு மிளகு பெயர் மாறி வருவதாகத் தெரிந்தால், வாசனைப் பொருள் வாரியத்துக்கும் சுங்கத் துறைக்கும் எழுத்தில் புகார் செய்யலாம். தனி மனிதரைவிடக் குழுவின் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

"இலங்கைச் சரக்கு வந்துவிட்டது" என்று யாரேனும் சொன்னால், விவசாயிகள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். வந்தது எத்தனை டன்? எந்த வரியில் வந்தது? விளைந்தது எந்த நாட்டில்? இவற்றுக்குப் பதில் கிடைக்காவிட்டால், அன்றைய கொச்சி விலையைப் பார்த்த பிறகே மூட்டையைத் தராசில் ஏற்றுவது நல்லது.