குளிர் காத்த காற்று

புவியைச் சுற்றிவரும் நிலவில் காற்று இல்லை. அங்கே ஓசை பரவுவதில்லை, மேகம் தவழ்வதில்லை, மழை பெய்வதில்லை. சனிக்கோளைச் சுற்றிவரும் டைட்டன் என்னும் துணைக்கோளிலோ காற்றும் உண்டு, மேகமும் உண்டு, மழையும் உண்டு. அங்குத் தரைமட்டத்தில் நிலவும் காற்றழுத்தம் புவியில் உள்ளதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். டைட்டன் நிலவைவிடப் பெரியது எனினும், இவ்விரண்டின் ஈர்ப்பாற்றலில் பெரும் வேறுபாடு இல்லை. அவ்வாறிருக்க, ஒன்று வெறுமையாய் நிற்க, மற்றொன்று காற்றைக் காத்துக்கொண்டது எவ்வாறு?

கண்டறிந்த வரலாறு

டச்சு நாட்டு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் 1655ஆம் ஆண்டில் டைட்டனைக் கண்டறிந்தார். 1944ஆம் ஆண்டில் ஜெரார்டு கைப்பர், அதிலிருந்து வந்த ஒளியை நிறமாலையாகப் பகுத்து ஆராய்ந்து, அங்கு மீத்தேன் வாயு இருப்பதை வெளிப்படுத்தினார். 1980ஆம் ஆண்டில் அதன் அருகே சென்ற வாயேஜர் 1 விண்கலம், அவ்வளிமண்டலத்தில் நைட்ரஜனே மிகுதி என உணர்த்தியது. 2005ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் வான்குடையின் துணையால் ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் மிதந்திறங்கித் தரையைத் தொட்டது. காற்றில்லா நிலவில் வான்குடையால் பயனில்லை என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

வெப்பமும் வேகமும்

வாயு மூலக்கூறுகள் ஓயாது இயங்குபவை. வெப்பநிலை உயர்ந்தால் அவற்றின் வேகமும் உயரும். ஒரே வெப்பநிலையில் எடை குறைந்த மூலக்கூறுகள் எடை மிகுந்தவற்றைவிட விரைந்தோடும். ஒரு கோளின் ஈர்ப்பை வென்று வெளியேறத் தேவையான வேகம் விடுபடு வேகம் எனப்படும். அது நிலவில் நொடிக்கு 2.4 கிலோமீட்டர், டைட்டனில் 2.6 கிலோமீட்டர்.

நிலவின் நண்பகல் வெப்பநிலை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ். அவ்வெப்பத்தில் நைட்ரஜன் மூலக்கூறின் சராசரி வேகம் நொடிக்கு 590 மீட்டர் அளவில் அமையும். டைட்டனின் தரையிலோ வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 179 டிகிரி. அங்கு அவ்வேகம் 290 மீட்டரே. ஆகவே, விடுபடு வேகம் நிலவில் மூலக்கூறின் வேகத்தைப்போல் நான்கு மடங்கு. டைட்டனில் ஒன்பது மடங்கு.

நான்கு மடங்கு போதாதா என்னும் ஐயம் எழலாம். மூலக்கூறுகள் அனைத்தும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. அவற்றுள் சில, சராசரியைவிடப் பன்மடங்கு விரைந்து பாய்ந்து தப்பிவிடும். எஞ்சியவற்றுள் மீண்டும் சில விரைவு பெறும். சிறுதுளையுள்ள குடம் ஒருநாள் வறண்டுபோவதுபோல, கோடிக்கணக்கான ஆண்டுகளில் வளிமண்டலமும் வறண்டுபோகும். நெடுங்காலம் நிலைத்திருக்க, ஏறத்தாழ ஆறு மடங்கேனும் வேண்டும் என்பது அறிஞர் கைக்கொள்ளும் அளவுகோல். எடை குறைந்த ஹைட்ரஜனுக்கு டைட்டனிலும் இவ்விகிதம் குறைவே; ஆதலால் அது அங்கிருந்தும் தப்பிச் செல்கிறது.

குளிர் மட்டும் போதுமா?

வியாழனின் துணைக்கோளான கானிமீடும் கடுங்குளிர் உடையது. அதன் விடுபடு வேகம் டைட்டனைவிடச் சற்று மிகுதி. ஆயினும் அங்குக் குறிப்பிடத்தக்க காற்று இல்லை. இருப்பதைக் குளிர் காக்குமேயன்றி, இல்லாததைத் தோற்றுவிக்காது. டைட்டன் உருவான பகுதி மேலும் குளிர்ந்திருந்தமையால், அதன் பனிக்கட்டியில் அம்மோனியா சிக்கியிருந்து, பின்னர் நைட்ரஜனாக மாறியது என அறிஞர் கருதுவர்.

குளிர் எல்லை மீறினும் தீங்கே. நெப்டியூனின் துணைக்கோளான டிரைட்டனில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 235 டிகிரி. அங்கு நைட்ரஜனே பெரும்பாலும் உறைந்து தரையில் பனியாய்ப் படிந்துகிடக்க, மிக மெல்லிய காற்றே எஞ்சியுள்ளது.

வெப்பம் மிகுந்தால் காற்று விண்ணில் கரையும். குளிர் மிகுந்தால் மண்ணில் உறையும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையில் அமைந்ததே டைட்டனின் வாழ்வு. ஒரு கோளின்மேல் காற்று நிலைத்திருப்பது எளிய செயலன்று. ஈர்ப்பு, வெப்பநிலை, தோற்றம் ஆகிய மூன்றும் ஒத்திசைந்தாலன்றி அது கைகூடாது. நாம் இயல்பாய் உள்ளிழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அத்தகைய ஒத்திசைவின் பயனே என்பதை உணர்தல் வேண்டும்.