கையைக் கவ்வும் குட்டி

இரண்டு மாதப் பூனைக்குட்டி வந்து சேர்ந்த வீட்டை அடையாளம் காண்பது சுலபம். அங்கிருப்பவர்களின் மணிக்கட்டைப் பார்த்தால் போதும்: சிவப்புக் கோடுகள், நடுநடுவே புள்ளி வைத்தாற்போல் பல் தடங்கள். கதவு மறைவிலிருந்து கணுக்காலில் பாய்கிறது. கொஞ்சலாமே என்று வயிற்றைத் தொட்டால், முன்னங்கால்களால் கையைக் கட்டிப்பிடித்துப் பல்லைப் பதித்து, பின்னங்கால்களால் படபடவென்று உதைக்கிறது. நம்மைப் பிடிக்கவில்லையோ, பொல்லாத குட்டியோ என்று பயந்து திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அவசரப்பட வேண்டாம். அதற்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. வேட்டை பழகுகிறது, பழக வேறு எதுவும் கிடைக்காததால் உங்கள் கை எலியாகியிருக்கிறது.

வீட்டுப் பூனையின் முன்னோர் ஃபெலிஸ் லைபிகா என்ற காட்டுப்பூனை. மேற்காசியாவில் மனிதன் பயிர் செய்து தானியம் சேர்க்கத் தொடங்கியபோது எலி வந்தது, எலியின் பின்னால் இதுவும் வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரைப் புதைத்த இடத்துக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். நாயைத் தன் தேவைக்கேற்ப மேய்ப்பதற்கு, காப்பதற்கு, மோப்பம் பிடிப்பதற்கு என்று மனிதன் பல விதமாக மாற்றியெடுத்தான். பூனையிடம் அவன் வேண்டியது எலி பிடிப்பதை மட்டும்தான். அதை அது ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருந்தது. ஆகவே அந்த வேட்டைக்குணம் இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் பெரிதாக மழுங்கவில்லை. தயிர்சாதம் தின்று வளரும் பூனைக்குள்ளும் அது அப்படியே இருக்கிறது.

அந்த வேட்டையின் நுட்பம் தெரிந்தால் குட்டியின் ஒவ்வொரு சேட்டைக்கும் பொருள் புரிந்துவிடும். பூனைகளின் நடத்தையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜெர்மானியர் பால் லைஹவுசன், பதுங்குவது, பாய்ந்து பிடிப்பது, கொல்வது, தின்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் பூனைக்குத் தனித்தனி உந்துதல் இருப்பதாகக் காட்டினார். வயிறு நிறைந்துவிட்டால் தின்பதுதான் நிற்கும். பதுங்கிப் பாயும் ஆசை நிற்காது. தட்டு நிறைய மீன் வைத்த பிறகும் குட்டி உங்கள் கால் கட்டைவிரலைக் குறிவைப்பது இதனால்தான். கோரைப்பற்களின் இடைவெளி, எலி போன்ற சிறு பிராணியின் கழுத்தெலும்புகளுக்கு நடுவே சரியாக நுழையும் அளவில் அமைந்திருக்கிறது. பல்லின் அடியில் உணர்நரம்புகள் நிறைந்திருப்பதால், எங்கே அழுத்த வேண்டும் என்பதைப் பல்லே தடவிக் கண்டுபிடிக்கிறது. முகத்துக்கு மிக அருகில், ஏறக்குறைய 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. கவ்வும் நேரத்தில் மீசை முடிகள் முன்னால் வளைந்து இரையைத் தொட்டுப் பார்க்கின்றன. கட்டிப்பிடித்து உதைப்பது, கொஞ்சம் பெரிய, திமிறுகிற இரையை அடக்கும் உத்தி. மனிதனின் முன்கை அதற்கு மிகப் பொருத்தமான அளவில் இருப்பது நம் துரதிர்ஷ்டம்.

குட்டி பிறந்து ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் கண் திறக்கிறது. நான்காவது வாரத்தில் கூடப்பிறந்தவற்றுடன் உருண்டு புரளத் தொடங்குகிறது. மல்லாந்து படுத்து அழைப்பது, பின்னங்காலில் நிமிர்ந்து நிற்பது, முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளுவது என்று இந்த விளையாட்டில் எட்டு வகை நிலைகள் இருப்பதை மெரிடித் வெஸ்ட் என்ற ஆய்வாளர் 1974இல் விவரித்தார். ஏழெட்டு வாரத்தில் கண்ணும் காலும் ஒத்துழைக்க ஆரம்பித்ததும் உருள்வது, ஆடுவது எல்லாம் இலக்காகின்றன. ஒன்பது வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரை இந்த ஆட்டம் உச்சத்தில் இருக்கும். மூன்றரை மாதத்துக்கு மேல் 26 பால்பற்களும் விழத் தொடங்கி, ஆறு மாதத்துக்குள் 30 நிலைப்பற்கள் வந்துவிடும். அந்த நாட்களில் ஈறு தினவெடுத்துக் கண்டதையும் மெல்லும். செருப்பு வாரைக்கூட விடாது.

கடிப்பது இயல்பாக வருகிறது. எவ்வளவு அழுத்தலாம் என்பதைத்தான் பழக வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லித் தருவது கூடப்பிறந்தவை. ஒரு குட்டி அளவுக்கு மீறிக் கடித்தால் மற்றது சீறும், திருப்பிக் கடிக்கும், அல்லது ஆட்டத்தை விட்டு எழுந்து போய்விடும். தாயும் அதட்டும். நம் ஊரில் வழக்கம் என்ன? மொட்டை மாடியிலோ விறகுக் குவியலிலோ போட்ட குட்டிகள் ஓடியாடத் தொடங்கியதும், நாலைந்து வாரத்திலேயே ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போவது. பாடம் தொடங்கும்போதே பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்திவிடுவது போன்றது இது. ஃபின்லாந்தில் சுமார் 6,000 பூனைகளைப் பற்றித் திரட்டிய தகவல்களை ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவற்றிடம் ஆக்ரோஷம் கூடுதலாகவும், பதினான்கு வாரத்துக்குப் பிறகு பிரிந்தவற்றிடம் குறைவாகவும் இருந்தது. தாய்ப்பால் சீக்கிரம் நின்றுபோன குட்டிகள் விளையாட்டை அதிகமாக்கிக்கொள்வதை கேம்பிரிட்ஜின் பாட்ரிக் பேட்சனும் கண்டிருக்கிறார்: இனி தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உடம்புக்குப் புரிந்துவிடுகிறது போலும்.

தாயில்லாமல் தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வந்திருந்தால் அது சீக்கிரம் பிரிந்ததை யாராலும் மாற்ற முடியாது. முடிகிறவர்கள் ஒரே ஈற்றுக் குட்டிகளில் இரண்டை வளர்க்கலாம். செலவு கூடும்தான், ஆனால் ஒன்றையொன்று கடித்துப் பழகும், உங்கள் கை தப்பிக்கும்.

ஒற்றைக் குட்டி என்றால் அந்தப் பாடத்தை நீங்கள்தான் எடுக்க வேண்டும். கவ்வியதும் கையை வெடுக்கென்று இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. இழுபடும் கை தப்பியோடும் இரை. பிடி இன்னும் இறுகும், தோலும் கிழியும். கையை அசைக்காமல் தளர விடுங்கள். விடவில்லை என்றால் அதன் வாயை நோக்கியே லேசாகத் தள்ளுங்கள். எந்த எலியும் அப்படிச் செய்யாது என்பதால் குழம்பி வாயைத் திறந்துவிடும். பிறகு பேசாமல் எழுந்து போய்விடுங்கள். ஓரிரு நிமிடம் திரும்பிப் பார்க்க வேண்டாம். கடித்தால் ஆட்டம் கலைந்துபோகும் என்பது சில வாரங்களில் அதற்குப் புரியும். மூக்கில் ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தட்டும் கையைக் குட்டி ஆட்டத்தின் பகுதியாக எடுத்துக்கொள்ளும், அல்லது கையைக் கண்டாலே அஞ்சும். அஞ்சிக் கடிக்கிற பூனையைத் திருத்துவது விளையாட்டுக்குக் கடிப்பதைத் திருத்துவதைவிடப் பல மடங்கு கடினம். இன்னொரு சங்கடம், எல்லா வீட்டிலும் இருக்கும் அந்த ஒரு சித்தப்பா. குட்டியைக் கையாலேயே மல்லுக்கு இழுத்துச் சிரித்துவிட்டு அவர் ஊருக்குப் போய்விடுவார். அடுத்த வாரம் முழுக்கக் கடி வாங்குவது மற்றவர்கள்.

கையை விலக்கினால் மட்டும் போதாது, எலியின் வேடத்தை வேறொன்றுக்குக் கொடுக்கவும் வேண்டும். ஒரு நீளக் குச்சியின் நுனியில் துணிப்பட்டை கட்டினால் போதும், கடையில் காசு கொட்ட வேண்டியதில்லை. அதை ஆட்டுகிற விதம்தான் முக்கியம். முகத்துக்கு நேரே ஆட்டுவதில் பயனில்லை, தானாக வந்து வாயில் விழும் எலி உலகத்தில் கிடையாது. குட்டியை விட்டு விலகி ஓட வேண்டும், நாற்காலிக் காலுக்குப் பின்னால் ஒளிய வேண்டும், சற்று அசையாமல் கிடந்து மறுபடி நடுங்க வேண்டும். பழைய காலுறையில் துணியை அடைத்துத் தைத்தால் கட்டிப்பிடித்து உதைக்க ஆள் தயார். சாரா ஹால், ஜான் பிராட்ஷா என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில், பசித்த பூனைகள் பொம்மையோடு இன்னும் மூர்க்கமாக ஆடின. ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது சீக்கிரமே அலுத்துப்போயின. வேறொன்றைக் கொடுத்ததும் புது வேகம் பிறந்தது. எனவே இருப்பதையெல்லாம் தரையில் இறைக்காமல் மாற்றி மாற்றி எடுத்துக் கொடுப்பதே நல்லது. சுவரில் லேசர் புள்ளியை ஓடவிடுவது பலருக்கு வேடிக்கை. எவ்வளவு பாய்ந்தாலும் காலுக்கு அடியில் எதுவும் சிக்காத அந்த ஆட்டம் எனக்குச் சம்மதமில்லை.

நூல், ரப்பர் பேண்ட், தலைமுடி வளையம், பூக்கட்டிய நார், இவை எதுவும் குட்டிக்கு எட்டும் இடத்தில் கிடக்கக் கூடாது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை; நூலின் ஒரு முனை உள்ளே போய்விட்டால் துப்புவது கடினம். குடலில் சிக்கினால் அறுவைச் சிகிச்சை வரை போகும். உலர்ந்த மல்லிகைச் சரத்தைக் கட்டில் ஓரத்தில் போடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பூனை அந்தியிலும் விடியலிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. பகலெல்லாம் தூங்கிவிட்டு விடியற்காலையில் போர்வைக்குள் அசையும் விரலைப் பிடிப்பதற்கு இதுதான் காரணம். படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் குச்சியை ஓடவிட்டு, கடைசியில் அதைப் பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது அதன் இயல்பான வரிசை. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டப்பட்ட பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. வேட்டை வெறியை ஆட்டத்தில் ஓரளவு தீர்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு நல்ல சான்று.

எல்லாக் கடியும் விளையாட்டல்ல. மடியில் சுகமாகப் படுத்திருந்த பூனை தடவத் தடவத் திடீரென்று கடித்தால், போதும் என்று அது முன்பே சொல்லியிருக்கும்: வால் நுனி துடித்திருக்கும், காதுகள் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், முதுகுத் தோல் சிலிர்த்திருக்கும். தாடையையும் கன்னத்தையும் சொறிந்தால் அதற்குப் பிடிக்கும், வயிறு வேண்டாம். சாதுவாக இருந்த பூனை தொட்டாலே கடிக்கிறது என்றால் எங்கோ வலி இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாகக் காயம். பூனையின் பல் ஊசிபோல் இறங்குவதால் மேலே சின்னத் துளைதான் தெரியும், கிருமி ஆழத்தில் தங்கிவிடும். பெரும்பாலான பூனைகளின் வாயில் இருக்கும் பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியா ஒரே நாளில் கையை வீங்க வைக்கக்கூடியது; விரல் கணுவில் பட்ட கடியை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. வெறிநோய் நாயிடமிருந்து மட்டுமே வரும் என்று நினைப்பதும் தவறு, பூனை வழியாகவும் வரும். சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள் எதையும் அப்பாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் தடுப்பூசி இலவசம். ரத்தம் வராத பிராண்டலுக்கும் ஊசி உண்டு. பல் பதிந்து ரத்தம் வந்திருந்தால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடலாம். போட்ட தேதியுள்ள அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.