கடைத் தராசில் ஒரு குட்டி

அரநாயக்க கடைவீதியில், கருவாடு நிறுக்கும் தராசில் ஒரு பூனைக்குட்டியை நிறுத்துப் பார்த்தேன். முதலாளி பழைய பத்திரிகை ஒன்றைத் தட்டில் விரித்துத் தந்தார். 460 கிராம். குட்டியோ கருவாட்டுச் சாக்கு இருந்த பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. "கிலோ என்ன வெல போட?" என்றார் முதலாளி.

தாய் காணாமல் போன குட்டி அது. எங்கள் லயத்தில் ஒரு பிள்ளை எடுத்து வளர்த்தாள். "பால்மா கரைச்சு ஊத்துறோம் மாமா, நல்லா குடிக்குது" என்றாள். நன்றாகத்தான் குடித்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தராசு 470 காட்டியது. ஏழு நாளில் பத்துக் கிராம். பின்பக்கம் நனைந்து, வால் ஒட்டிப் போயிருந்தது.

பூனைக்குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். அதன் பிறகு நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை கூட வேண்டும். வாரத்துக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே 460 கிராம் என்றால் நாலு வாரக் குட்டி. முன்பற்களும் அரும்பியிருந்தன. தாய்ப்பாலிலிருந்து இறைச்சிக்கு மாறத் தொடங்கும் பருவம். ஒரு வாரம் எடை அப்படியே நின்றால், பார்வைக்குத் துறுதுறுவென்று இருந்தாலும் உள்ளே ஏதோ சரியில்லை. இதைக் கண்ணால் பிடிக்க முடியாது, தராசுதான் சொல்லும்.

பூனைக்குப் பால் என்பது நம் மண்டையில் ஆணி அடித்தது போல இருக்கிறது. கம்பர் தம்மையே பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனைக்கு ஒப்பிட்டுக்கொண்டார். கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்து, பாலைக் கண்டாலே ஓடும்படி தன் பூனையைப் பழக்கிய தெனாலிராமன் கதை தெரியாத பிள்ளை உண்டா? அவன் செய்த கொடுமை இருக்கட்டும், மாட்டுப்பாலைவிட்டு விலகிய வகையில் அந்தப் பூனைக்கு நட்டமில்லை. தாய்ப்பூனையின் பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப் போல இரு மடங்குக்கும் மேல். நாம் விலைக்குப் பயந்து தண்ணீர் கூட்டிக் கரைக்கும் பால்மாவில் அது இன்னும் குறையும். அதோடு, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க வைக்கும் நொதி, பால்குடி மறக்க மறக்கக் குட்டியின் குடலில் வற்றிப்போகிறது. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும், வயிறு கழியும். வயிறு நிறைந்தது போலத் தெரியும் குட்டி உண்மையில் பட்டினி கிடக்கிறது.

சரி, எவ்வளவு கொடுக்க வேண்டும்? மிருக வைத்தியர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. எடையைக் கிலோவில் எடுத்து, 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70ஆல் பெருக்கினால், சும்மா படுத்துக் கிடக்க ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி வரும். வளரும் குட்டிக்கு அதைப் போல இரண்டரை மடங்கு. அரைக் கிலோக் குட்டிக்குச் சுமார் 100 கிலோகலோரி, ஒரு கிலோவுக்கு 175. வளர்ந்த நாலு கிலோப் பூனைக்கு 240 போதும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் குட்டிக்குப் பெரியதைப் போல மூன்று மடங்கு வேண்டும். நம்மூர்க் கணக்கில், அரைக் கிலோக் குட்டிக்கு ஒரு நாளைக்கு அவித்த கோழி இறைச்சி 60 கிராம், மீன் என்றால் 90 கிராம், குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீனி என்றால் 25 கிராம். மீன் கணக்கைப் பாருங்கள்: உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஐம்பது கிலோ ஆள் தினமும் ஒன்பது கிலோ சாப்பிடுவது போல.

இதை ஒரே வேளையில் போட முடியாது என்பதுதான் சங்கதி. பிறந்த குட்டியின் வயிறு, 100 கிராம் எடைக்கு நாலு மில்லிலீட்டர்தான் கொள்ளும். ஒரு தேக்கரண்டிகூட இல்லை. அதனால்தான் தாயில்லாக் குட்டிக்கு முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, இரவிலும் எழுந்து, பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவை ஊட்ட வேண்டியிருக்கிறது. குப்புறப் படுக்க வைத்துத்தான் ஊட்ட வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குட்டி சில்லிட்டிருந்தால் முதலில் துணியில் சுற்றிச் சூடாக்குங்கள், அதன் பிறகுதான் பால். குளிர்ந்த குடலில் எதுவும் செரிக்காது.

நாலு வாரம் முதல் எட்டு வாரம் வரை ஐந்து ஆறு தடவை. நாலு மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. ஒரு வேளைக்கு நெருப்புப்பெட்டி அளவு மீன், அவ்வளவுதான். லயத்து வீட்டில் இது கஷ்டமில்லை. பெரட்டுக்குப் போகுமுன் ஒன்று, பகல் சோற்றுக்கு வரும்போது ஒன்று, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒன்று, பிளேன்டீ ஊற்றும் நேரம் ஒன்று, விளக்கணைக்குமுன் ஒன்று. பூனையின் இயல்பும் அதுதான். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கிலோகலோரி இருக்கும். வேட்டையை நம்பி வாழும் பூனை பகலும் இரவுமாக எட்டு எலியாவது பிடித்தால்தான் வயிறு ஆறும்.

எதைக் கொடுப்பது என்பதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். சோறும் கறித்தண்ணீரும் பூனைச் சாப்பாடல்ல. கறியில் வெந்த வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். டோரின் என்றொரு சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானே செய்துகொள்ளாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு, அரிசியிலும் பாணிலும் இல்லை. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1975இல் தெரியவந்தது. 1987இல் அமெரிக்காவில் பால் பியன் என்ற மிருக வைத்தியரும் அவருடன் சேர்ந்தவர்களும், பூனைகளின் இதயம் வீங்கித் தளர்வதற்கும் அதே குறைதான் காரணம் என்று காட்டினார்கள். டோரின் தண்ணீரில் கரையும். எனவே மீன் அவித்த தண்ணீரை ஊற்றிவிடாமல் மீனோடு சேர்த்தே வையுங்கள். நெத்தலியைத் தலையும் முள்ளுமாக மசித்துக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். வெறும் சதையே தின்று வளரும் குட்டிக்குக் கால் எலும்பு வளையும். கருவாட்டு நெத்தலியென்றால் உப்புப் போக ஊறவைக்க வேண்டும். மீனையே தினமும் போடாமல் இடையிடையே கோழியும், வாரம் ஒரு துண்டு ஈரலும். பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் உள்ள ஒரு நொதி பி1 விட்டமினை அழிக்கும், வெந்தால் அந்த நொதி செத்துப்போகும்.

வயிறு மட்டும் பானை போல உப்பி முதுகெலும்பு தெரிந்தால் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். அது பெரும்பாலும் புழு, தாய்ப்பாலோடேயே வந்துவிடும். புழு மருந்தும் எடைக் கணக்கில்தான்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கம் ரப்பர்க் காட்டிலும் தேயிலை ஓரத்திலும் அகப்படும் குட்டியெல்லாம் வீட்டுப் பூனையல்ல. உடம்பில் துருப்பிடித்தது போன்ற புள்ளியும், நெற்றியில் வெள்ளைக் கோடுகளும், சிறிய வட்டக் காதும் இருந்தால் துரும்பன் பூனையாக இருக்கலாம். உலகிலேயே மிகச் சிறிய காட்டுப்பூனை இனங்களில் ஒன்று அது. இலங்கையையும் இந்தியாவையும் விட்டால் நேபாளத்தில் கொஞ்சம். 1831இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ரா சந்திலேர் அதற்குப் பெயர் வைத்தது புதுச்சேரியில் கிடைத்த ஒரு பூனையைக் கொண்டுதான். அதைத் தொடாமல் விலகி நின்றால் தாய் வந்து தூக்கிப் போகும். வீட்டுப்பூனையும் குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் இடம் மாற்றும். தனியாகக் கிடப்பதெல்லாம் அநாதை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நம் குட்டிக்குப் பால்மாவை நிறுத்தி, அவித்த கோழியும் மசித்த நெத்தலியும் ஐந்து வேளையாகக் கொடுத்தாள் பிள்ளை. மூன்று நாளில் கழிச்சல் நின்றது. அடுத்த ஞாயிறு 565. அதன் பிறகு வாரா வாரம் சிமென்ட் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்தாள். நாலாவது மாதத்தில் 1,640 கிராம் என்று ஒரு நொடி காட்டியது தராசு. அதற்குள் குட்டி பாய்ந்து கருவாட்டுச் சாக்கின் மேல் நின்றது.

"வீட்டுக்குக் கொண்டு போகாத. எலிக்கு இங்கனயே விட்டுட்டுப் போ" என்றார் முதலாளி.

"ஏலாது மாமா, ஆறு மணிக்கு அதுக்குச் சாப்பாடு இருக்கு" என்று வாரித் தூக்கிக்கொண்டாள்.